குறை கையிலா, முறையிலா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

நமது செயலாளர் அவர்கள் என்னிடம் வந்து, "தம்பி, பெரியார் ஒருவருடைய வாழ்க்கையைப் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும்" என்று கேட்டார்கள். நான் எட்வர்ட்ஸ் டெமிங் என்றேன். அவர்கள் முகத்திலே சிறிது ஏமாற்றம் படர்ந்தது. விவேகானந்தரையோ நாவலர் பெருமானையோ சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். அப்பெரியார்களைப் பற்றிப் பேச என்னிலும் வல்லவர்கள் இம்மேடையிலேயே வீற்றிருக்கிறார்கள். எந்திரவியல் படிக்கும் மாணவனாகிய நான், நம்முடைய கொழுந்துக் கூடைக்கும் தராசுக்கும் நெருங்கிய தொடர்புடைய ஒருவரைப் பற்றிப் பேசினால் அதுவும் ஒரு பயனாகும் என்று எண்ணியே இப்பெயரைச் சொன்னேன். டெமிங் தேயிலைத் தோட்டத்தைப் பற்றி எழுதியவர் அல்லர். இருந்தும் அவருடைய கருத்துக்களைப் படிக்கும்போதெல்லாம் நம் கொழுந்து மடுவமே என் கண்முன் நிற்கிறது.

டெமிங் 1900 ஆம் ஆண்டு ஒக்டோபர் 14 ஆம் திகதி அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள சூ சிற்றி என்னும் நகரிற் பிறந்தார். இளமையைக் கழித்தது வயோமிங் மாநிலத்திலே, பவல் என்னும் வரண்ட குடியேற்ற ஊரில். தார் பூசிய காகிதத்தால் மூடிய குடிசையே அக்குடும்பத்தின் வீடாயிருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் விடுதியொன்றில் எடுபிடி வேலை. பொழுது சாய்ந்தால் தெருவிளக்கு ஏற்றும் வேலை. லயத்துக் காம்பராவில் குப்பி விளக்கின் கீழ்ப் படித்து வந்தவர்கள் இச்சபையிற் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1921 இல் வயோமிங் சர்வகலாசாலையில் மின் எந்திரவியற் பட்டம் பெற்றார். 1928 இல் யேல் சர்வகலாசாலை அவருக்குக் கணித பௌதிகத்திலே கலாநிதிப் பட்டம் அளித்தது.

படிக்குங் காலத்தில், விடுமுறைகளிலே, சிக்காகோவுக்கு அருகிலுள்ள ஹோத்தோர்ன் என்னுமிடத்தில் வெஸ்டேர்ன் எலெக்ட்ரிக் கொம்பனியின் பிரம்மாண்டமான தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை செய்தார். பல்லாயிரம் பேர் அங்கே செய்த பொருளின் எண்ணிக்கைக்கேற்பக் கூலி பெற்று உழைத்தார்கள். ஒரு கூட்டம் பொருளைச் செய்தது. இன்னொரு கூட்டம் அதைச் சோதித்து, தேறாததைக் கழித்தது. கழிக்கப்பட்டதற்கும் செலவு முழுச் செலவே அல்லவா? செய்து முடித்த பின் சோதித்துக் கழிப்பது தரமாகுமா என்ற கேள்வி அவர் மனத்தில் விழுந்தது.

அதற்கு விடை தேடிய முதல்வர் டெமிங் அல்லர். அவருடைய குரு என்று சொல்லத்தக்க வால்டர் ஷூவார்ட் என்பவர். 1924 மே 16 ஆம் திகதி ஷூவார்ட் தம் மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். ஒரே ஒரு பக்கம்! அதிலே ஒரு படம். நாள்தோறும் வரும் அளவுகளைப் புள்ளிகளாக இட்டு, நடுவே ஒரு கோடும், மேலும் கீழும் ஒவ்வோர் எல்லைக் கோடும் கீறியிருந்தார். இன்று உலகெங்கும் தொழிற்சாலைகளிலே தொங்கும் கட்டுப்பாட்டு வரைபடம் அந்த ஒற்றைத் தாளிற் பிறந்ததே.

அதன் கருத்தை நம்முடைய முறையில் விளக்குகிறேன். ஒரு தாய் கொய்யும் கொழுந்து திங்கட்கிழமை 17 கிலோ, செவ்வாய் 19, புதன் 16, வியாழன் 18 என்று வைத்துக்கொள்வோம். புதன்கிழமை கங்காணி ஐயா சத்தம் போடுகிறார். வியாழக்கிழமை 18 வருகிறது. "பார்த்தாயா, ஏசினால்தான் வேலை நடக்கிறது" என்று அவர் திருப்திப்படுகிறார். உண்மையில் நடந்தது என்ன? மலையின் சரிவு, செடியின் வயது, போன முறை அந்த மலையில் கொய்து எத்தனை நாளாயிற்று, காலை மூடுபனி, இவையெல்லாம் சேர்ந்து நிறுவையை நாளுக்கு நாள் ஏற்றி இறக்குகின்றன. ஏசினாலும் ஏசாவிட்டாலும், தாழ்ந்த நாளுக்கு அடுத்த நாள் பெரும்பாலும் சற்று உயரும். உயர்ந்த நாளுக்கு அடுத்த நாள் பெரும்பாலும் சற்று இறங்கும். இது முறையோடு பிறந்த ஏற்ற இறக்கம். எல்லைக் கோட்டுக்கு உள்ளே நிற்கும் வரையில், இதற்காக ஒருவரைப் புகழ்வதும் வீண், ஏசுவதும் வீண். ஒருநாள் நிறுவை கோட்டுக்கு வெளியே போய் 9 கிலோவாக விழுந்தால், அதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. காய்ச்சலாயிருக்கலாம், குளவி கொட்டியிருக்கலாம். அதைத் தேடிப் போக வேண்டும். இரண்டையும் பிரித்தறியாத முகாமை, தேட வேண்டிய இடத்தில் தேடாது. ஏசக் கூடாத இடத்தில் ஏசும்.

டெமிங் இக்கருத்தைப் பெற்று, அதன்மேல் ஒரு மனித தருமத்தையே கட்டினார் என்று சொல்வேன். வேலையிலே நேரும் குறைகளில் நூற்றுக்கு 94 பங்கு முறையைச் சேர்ந்தவை, அம்முறையை மாற்றும் அதிகாரம் முகாமையின் கையில் இருக்கிறது என்று தம் நீண்ட அனுபவத்திலிருந்து அவர் மதிப்பிட்டார். 94 என்ற எண்ணைப் பற்றிக் கணித அறிஞர்கள் வாதாடலாம். எண் 80 ஆனாலும் கருத்து நிற்கும் என்பது என் எண்ணம்.

இதை விளக்க அவர் ஒரு விளையாட்டு நடத்துவார். ஒரு பெட்டியிலே 4,000 மணிகள். 3,200 வெள்ளை, 800 சிவப்பு. 50 குழியுள்ள ஓர் அகப்பை. சபையிலிருந்து ஆறு பேரைத் "தொழிலாளர்"களாக மேடைக்கு அழைப்பார். கண்ணால் தெரிந்தெடுக்கக் கூடாது; அகப்பையைப் பெட்டியில் அமிழ்த்தி எடுக்க வேண்டும். வாங்குபவருக்கு வெள்ளை மணியே வேண்டும். சிவப்பு வந்தால் குறை. ஒருவருக்கு 7 சிவப்பு வரும். இன்னொருவருக்கு 13 வரும். டெமிங் கடுகடுத்த மேற்பார்வையாளராக நடிப்பார். 7 வந்தவருக்குப் பாராட்டு, 13 வந்தவருக்குக் கண்டனம். அடுத்த சுற்றிலே பாராட்டுப் பெற்றவருக்கே 12 வரும்! சபை சிரிக்கும். சுவரிலே "குறையில்லாமல் வேலை செய்" என்ற சுலோகத்தை மாட்டுவார், சிவப்பு குறையாது. கடைசியில் "திறமையற்ற" மூவரை வேலையை விட்டு நிறுத்துவார், அப்போதும் குறையாது. எப்படிக் குறையும்? சிவப்பு மணியைப் பெட்டியில் இட்டவர் தொழிலாளி அல்லரே! ஆறு பேரும் தம்மால் இயன்றதைச் செய்தார்கள். பெட்டியை மாற்ற அவர்களுக்கு அதிகாரம் இல்லை. சிரித்துக்கொண்டிருந்த சபை இவ்விடத்திலே மௌனமாகிவிடுமாம்.

இனி யப்பானுக்கு வருவோம். இரண்டாம் உலக யுத்தத்தின் முன்னும் பின்னும் யப்பான் சாமான் என்றால் என்ன பெயர் இருந்தது என்பதை நம் பாட்டன்மார் சொல்லியிருப்பார்கள்: மலிவாகக் கிடைக்கும், விரைவில் உடையும். நகரங்கள் சாம்பலாகிக் கிடந்த அந்நாட்டுக்கு, குடிசன மதிப்பீட்டு வேலைக்கு உதவ டெமிங் 1947 இல் சென்றார். 1950 இல் யப்பானிய விஞ்ஞானிகள் எந்திரவியலாளர் சங்கம் அவரை மீண்டும் அழைத்தது. எந்திரவியலாளர் நூற்றுக்கணக்கில் வந்து கேட்டார்கள். டெமிங் அதோடு திருப்திப்படவில்லை. அமெரிக்காவிலும் யுத்த காலத்தில் எந்திரவியலாளர் ஆயிரக்கணக்கில் இம்முறையைக் கற்றார்கள். கொம்பனித் தலைவர்கள் கற்கவில்லை. யுத்தம் முடிந்ததும் எல்லாம் மறக்கப்பட்டது. ஆதலால், "தலைவர்களை எனக்கு முன்னே இருத்துங்கள்" என்று கேட்டார். ஜூலை மாதத்தில் பெருங் கொம்பனிகளின் தலைவர்கள் இருபதுக்கு மேற்பட்டோர் கூடினார்கள். இவ்வழியில் நடந்தால் ஐந்தே ஆண்டுகளில் உலகச் சந்தை உங்களைத் தேடும் என்றார். வேறு எவரும் அந்நாளில் அதை நம்பியிருக்க மாட்டார்கள்.

தம் விரிவுரைகள் நூலாக அச்சிடப்பட்டபோது வந்த ஊதியத்தை டெமிங் பெற்றுக்கொள்ளவில்லை. அந்தச் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். அப்பணத்தைக் கொண்டு 1951 இல் அவர் பெயரால் டெமிங் பரிசு நிறுவப்பட்டது. 1960 இல் யப்பானியச் சக்கரவர்த்தியின் பெயரால் அவருக்கு உயர்ந்த விருது சூட்டப்பட்டது. சொந்த நாடோ அவரை அறியவே இல்லை! 1980 இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, யப்பானால் முடிந்தது நம்மால் ஏன் முடியவில்லை என்று கேட்டு அவரைக் காட்டிய பின்னரே அமெரிக்க முதலாளிகள் அவர் வீட்டைத் தேடி ஓடினார்கள். அப்பொழுது அவருக்கு வயது 79. பிறகு 1993 டிசெம்பரில் மறையும் வரையில், தள்ளாத வயதிலும், ஊர் ஊராகச் சென்று சிவப்பு மணிப் பெட்டியைத் திறந்துகொண்டேயிருந்தார்.

இவ்வித்து பாரதத்துக்கு வரவில்லையா என்று கேட்பீர்கள். யப்பானுக்கு முன்னமே வந்தது! பேராசிரியர் மகலனோபிஸ் கல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவகத்தின் அழைப்பை ஏற்று, ஷூவார்ட் அவர்களே 1947-48 இல் பாரதத்துக்கு வந்து நகரங்கள் தோறும் பேசினார். மிஷன் பாடசாலையிலே படித்த எனக்கு, விதைக்கிறவனுடைய உவமை இங்கே நினைவுக்கு வருகிறது. விதை ஒன்றே, விழுந்த நிலம் வேறு. பாரதத்திலே புள்ளிவிபர அறிஞர்களும் சோதனை அதிகாரிகளும் கேட்டார்கள். யப்பானில் முதலாளிகளே உட்கார்ந்து கேட்டார்கள். வித்தியாசம் இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

ஐம்பது ஆண்டு சென்று, தமிழ் நாட்டிலேதான் அவ்வித்து பாரதத்தில் முதன்முதல் டெமிங் பரிசாக விளைந்தது. சென்னைக்கு அடுத்த பாடியிலே, டி.வி.எஸ். குடும்பத்தார் 1962 இல் ஆரம்பித்த சுந்தரம் கிளேட்டன் கொம்பனி, லொறிக்கும் பஸ்ஸுக்கும் காற்று பிரேக் செய்துவந்தது. 1979 இல் அதன் பொறுப்பை ஏற்ற வேணு சீனிவாசன் கிண்டி எந்திரவியற் கல்லூரியில் படித்தவர். அப்பொழுது இருபதுகளின் நடுவில் நின்ற வாலிபர். 1991 இல் பாரதத்தின் பொருளாதாரக் கதவுகள் திறந்தன. வெளிநாட்டார் போட்டிக்கு வந்தார்கள். அவரும் அவருடைய கொம்பனியும் யோஷிகாசு ட்சுடா போன்ற யப்பானியப் பேராசிரியர்களை வரவழைத்து, அவர்கள் காட்டிய குறைகளைப் பொறுமையோடு கேட்டுத் திருத்தினார்கள். இயந்திரத்தில் நிற்கும் தொழிலாளர் சிறு குழுக்களாகக் கூடி, தம் வேலையில் எங்கே குறை பிறக்கிறது என்று தாமே ஆராய்ந்தார்கள். அவர்கள் சொல்லிய யோசனைகள் எழுதி வைக்கப்பட்டுச் செயலுக்கு வந்தன. 1998 இல் அக்கொம்பனியின் பிரேக் பிரிவு டெமிங் பரிசு பெற்றது. பாரதத்தில் அதுவே முதல். 2002 இல் டி.வி.எஸ். மோட்டார் கொம்பனி பெற்றது. ரானே குழுமத்துக் கொம்பனிகளும் பின்னர் பெற்றன. 2019 இல் வேணு சீனிவாசனுக்கே, இம்முறையை யப்பானுக்கு வெளியே பரப்பியதற்காக, டெமிங் பெயரால் தனி விருது கிடைத்தது.

நம் மலைப்பாதைகளில் ஓடும் பஸ்களில் ஏராளமானவை அசோக் லேலண்ட் பஸ்கள். அந்தக் கொம்பனிக்கும் பாடியிலிருந்து பிரேக் போய்வந்தது. கினிகத்தேனை இறக்கத்திலே பஸ் வளைந்து இறங்கும்போது நாம் முருகா என்று கண்ணை மூடுகிறோம். நம்மை அப்போது காப்பதிலே, முகமறியாத ஒரு தொழிலாளி தன் வேலையைச் சரிவரச் செய்ய விடப்பட்டான் என்பதும் ஒன்று. செய்ய விடப்பட்டான் என்ற சொல்லைக் கவனியுங்கள். டெமிங் வகுத்த 14 நெறிகளுள் எனக்கு மிகப் பிடித்தவை இரண்டு: தொழிலிடத்திலிருந்து அச்சத்தை ஓட்டு, தன் கைவேலையில் பெருமை கொள்ளும் உரிமையைத் தொழிலாளியிடமிருந்து பறிக்காதே.

இன்னொரு நெறியும் உண்டு. அதைச் சொல்லவே இவ்வளவு தூரம் வந்தேன். எண்ணிக்கை வரையறை வைத்து வேலை வாங்காதே என்பது அந்நெறி.

நம் தோட்டங்களிலே ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று வரையறை உண்டு. 16, 18, 20 எனத் தோட்டத்துக்குத் தோட்டம் அது வேறுபடும். அதற்குக் குறைந்தால் அரைப் பேர். அதாவது பாதி நாட் சம்பளம். காலை முதல் மாலை வரை மலையில் நின்றவளுக்குச் செக்ரோலில் அரை மனுஷியாகப் பெயர் விழுகிறது! 2021 மார்ச்சில் நாட் சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தபின், கிலோவைக் கூட்டுவது பற்றி எத்தனை தோட்டங்களில் தகராறு எழுந்தது என்பது உங்களுக்குத் தெரியும்.

நான் இதை இரக்கத்தின் பேரில் மட்டும் பேசவில்லை. தரத்தின் பேரிலே பேசுகிறேன். நல்ல தேயிலைக்கு வேண்டியது இரண்டு இலையும் ஒரு மொட்டும். கிலோ போதாதென்ற பயம் பிடித்தால் கை எங்கே போகும்? முற்றிய இலைக்கும் போகும், வங்கிக்கும் போகும். கூடை நிறையும், தராசு திருப்திப்படும். அந்த இலை வாட்டலிலே ஒருபடியாக வாடாது, உருளையிலே ஒழுங்காகச் சுருளாது. கொழும்பு ஏலத்திலே விலை இறங்கும்போது டீமேக்கருக்குத் திட்டு விழும். அவருக்கு மட்டும் வெள்ளை மணியா கொடுத்தார்கள்? சுவை பார்க்கும் நிபுணர் கிண்ணத்தை உறிஞ்சிக் குறையைச் சொல்லுவார். மலையில் ஏறிய குறையைக் கிண்ணத்திலிருந்து எடுக்க அவராலும் ஆகாது.

இன்னுமொரு விநோதம். ஜனவரி முதல் மார்ச் வரை, குளிரும் வரட்சியும் காற்றும் சேரும் காலத்தில், டிம்புள்ளைப் பக்கத்திலே கொழுந்து குறையும்; ஆனால் ஆண்டிலேயே மணமும் சுவையும் மிக்க தேயிலை அக்காலத்திலேதான் கிடைக்கிறது. உலகம் நம் தேயிலையைப் புகழும் மாதங்கள் எவையோ, அவையே கிலோ எட்டாமல் நம் தாய்மார் அரைப் பேரை அஞ்சும் மாதங்கள்! தரத்தை விற்கிறோம், நிறையை வைத்துத் தண்டிக்கிறோம்.

2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு முடியுமுன் தடை தளர்ந்தாலும் செடி அதை மறக்கவில்லை. உரமின்மையும் எரிபொருட் பஞ்சமும் சேர, 2021 இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாயிருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022 இல் ஏறத்தாழ 251 மில்லியனாக வீழ்ந்தது. நாடு முழுவதும் கொய்வோர் அனைவரும் ஒரே ஆண்டிற் சோம்பேறிகளானார்களா? பெட்டியிலே சிவப்பு மணியைக் கூட்டியவர் வேறிடத்தில் இருந்தார்.

முகாமைத் தரப்பினரின் பேச்சையும் நான் கேட்டிருக்கிறேன். "வரையறை இல்லாவிட்டால் யார் வேலை செய்வார்? சம்பளம் எங்கிருந்து வரும்?" என்கிறார்கள். கேள்வி நியாயமானது, கணக்கு எழுதும் அண்ணன்மாருக்கும் அச்சங்கடம் உண்டு. மேற்பார்வை வேண்டாம் என்று டெமிங்கும் சொல்லவில்லை. மேற்பார்வையாளன் தொழிலாளிக்கு உதவுபவனாக இருக்க வேண்டும் என்றார். சோம்பலுள்ளவன் எவ்விடத்திலும் உண்டு. அவன் வரைபடத்தில் எல்லைக் கோட்டுக்குக் கீழே தனியாகத் தெரிவான். அவனைப் பிடிக்க மலையிலுள்ள எல்லோருக்கும் அபராதம் வேண்டியதில்லை. இன்னொன்றையும் மனந்திறந்து சொல்கிறேன். பல தொழிற்சாலை வாசல்களிலே தரச் சான்றிதழ்கள் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகின்றன. அவை தொழிற்சாலைக்குள் நடப்பதைப் பற்றியவை. கொழுந்து பிறக்கும் மலைக்கு அச்சட்டங்கள் ஏறி வந்ததை நான் காணவில்லை.

என் தாயாரும் கொழுந்து கொய்பவர். தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். சென்ற விடுமுறையில், அம்மா சேர்த்து வைத்திருந்த நிறுவைத் துண்டுகளை எடுத்து, சதுரத் தாளிலே புள்ளியிட்டு, ஷூவார்ட் காட்டியபடி மூன்று கோடுகளும் கீறினேன். எந்த நாள் எந்த மலை என்பதை அம்மாவே நினைவிலிருந்து சொன்னார்; ஒரு நாளும் தவறவில்லை. கீறி முடித்தபோது, அரைப் பேர் விழுந்த நாட்கள் அனேகமாக ஒரே மலையில் இருந்தன. பாட்டன் காலத்து விதைத் தேயிலை. செடி செத்த இடங்களில் மறு நடுகை இல்லை. எந்த நாளும் எல்லைக் கோட்டுக்கு வெளியே போகவில்லை. அம்மா தாளைப் பார்த்துவிட்டு, "இது எங்க எல்லாருக்கும் தெரியுமே, இதுக்கா மூணு வருஷம் படிச்ச?" என்று கேட்டார். தெரியுந்தான். ஆனால் தெரிந்தது மடுவத்துப் புத்தகத்தில் எழுதப்படவில்லை. அங்கே எழுதப்பட்டிருப்பது கிலோவும் அரைப் பேருமே.

அந்தத் தாளை நம் சங்க வாசிகசாலை மேசையில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் வெறுஞ் சதுரத் தாள்களும் இருக்கின்றன. கணக்கப்பிள்ளைமாராய் இருக்கும் நம் உறுப்பினர் இருவர், சித்திரை கழிந்ததும் தத்தம் மலைகளுக்குக் கீறித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எல்லைக் கோடு கீறும் கணக்கை அறிய விரும்புவோருக்குக் கூட்டம் முடிந்தபின் அங்கேயே இருந்து காட்டித் தருகிறேன்.